கிராண்ட் கேன்யனை மேலே பறந்து பார்க்க: வேகஸா, துசயானா, பேஜா?

சிறுவாணி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். அக்டோபர் நடுவில் அம்மா அப்பா கோவையிலிருந்து வருகிறார்கள். நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன் பக்கம் கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு முட்டி வலி, கீழே இறங்குகிற பாதை எதுவும் ஆகாது. அப்பாவுக்கு முன்பு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இப்போது நன்றாக நடமாடுகிறார். விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட ஹெலிகாப்டரிலோ சின்ன விமானத்திலோ ஏற்றிக் காட்டினால் என்ன என்று தோன்றியது.

தேடினால் தலை சுற்றுகிறது. லாஸ் வேகஸிலிருந்து போகிறது, சவுத் ரிம் என்கிற தெற்கு விளிம்பிலிருந்து போகிறது, வட அரிசோனாவில் பேஜ் என்கிற ஊரிலிருந்து போகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி சிவப்புப் பாறைப் படம். நான், மனைவி, பெற்றோர், ஒன்றரை வயதுக் குழந்தை. யாராவது போயிருந்தால் சொல்லுங்கள். சூரிய உதய நேரத்தில் பறக்க முடியுமா?

வேகஸ்வாசி:
யோசிக்காமல் வேகஸ் வந்துவிடுங்கள். இங்கே ஹோட்டல் வாசலிலேயே வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். ஹூவர் அணை, மீட் ஏரி எல்லாம் மேலிருந்து பார்த்தபடி போய், பள்ளத்தாக்குக்கு உள்ளேயே இறக்கிவிடுவார்கள். கையில் ஒரு கிளாஸ் ஷாம்பெயின் (அப்பா வேண்டாம் என்றால் ஜூஸ்). திரும்பும்போது ஸ்ட்ரிப் (வேகஸின் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கிற சாலை) மேலே ஒரு சுற்று. பெரியவர்களுக்கு அலைச்சலே இல்லை.

முருங்கை:
வேகஸ்வாசி சொல்வது நல்ல அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் காட்டுவது கிராண்ட் கேன்யன் வெஸ்ட். அது ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பூங்காவுக்குள் வராது. 2007-ல் திறந்த கண்ணாடிப் பாலம், ஸ்கைவாக், அங்கேதான் இருக்கிறது. தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. அங்கிருந்து சவுத் ரிம்முக்குக் காரில் போக நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பள்ளத்தாக்கின் அடியில் ஹெலிகாப்டர் இறங்க முடிவதே அது பழங்குடி நிலம் என்பதால்தான். பூங்காவுக்குள் சுற்றுலா ஹெலிகாப்டர் விளிம்புக்குக் கீழே பறக்கவும் கூடாது, இறங்கவும் கூடாது.

அதனால் முதலில் என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அடியில் இறங்கி நிற்க வேண்டும் என்றால் வெஸ்ட். காலண்டரில் பார்க்கிற, அடுக்கடுக்காக விரிகிற பள்ளத்தாக்கு வேண்டும் என்றால் சவுத் ரிம். மேற்குப் பகுதி குறுகலானது. கிழக்கே சில இடங்களில் விளிம்புக்கு விளிம்பு 18 மைல் அகலம், ஒரு மைல் ஆழம்.

நீங்கள் சாண்ட்லரில் இருந்துகொண்டு வேகஸ் போய், அங்கிருந்து பறந்து அரிசோனாவுக்கே திரும்பி வருவது மூக்கைச் சுற்றித் தொடுகிற வேலை. சாண்ட்லரிலிருந்து துசயான் காரில் நாலு மணி நேரம். பூங்காவின் தெற்கு வாசலுக்கு வெளியே இருக்கிற சின்ன ஊர் அது. விமான நிலையம் அங்கேயே. பாப்பிலான், மேவரிக் என்கிற இரண்டு நிறுவனங்களும் அங்கிருந்து ஹெலிகாப்டர் விடுகின்றன.

சூரிய உதயம் நடக்காது. பூங்காவின் கிழக்குப் பக்கம் சுற்றுலா விமானங்களுக்கு இரண்டே வழித்தடம்: ஜூனி பாயிண்ட், டிராகன். இரண்டிலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை காலை 8 முதல் மாலை 6 வரை, மற்ற மாதங்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். நீங்கள் அக்டோபர், ஆக 9 மணிக்குத்தான் முதல் விமானம். அந்த முதல் நேரத்தையே பிடியுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் பாறை அடுக்குகளின் நிழல் எடுப்பாகத் தெரியும். நடுப்பகலில் எல்லாம் ஒரே தட்டையாகிவிடும், காற்றும் தூக்கிப்போடும்.

வேகஸ்வாசி:
தேசியப் பூங்கா, பழங்குடி நிலம் என்று கோடு போட்டுப் பார்ப்பது நாம்தான், நதி ஒன்றுதானே முருங்கை! என் மாமியாருக்கு அடியில் இறங்கி நின்றதுதான் பெரிய விஷயம். இன்னமும் போனில் அதைத்தான் சொல்கிறார்.

முருங்கை:
சரி, மாமியாரோடு நான் வாதாட மாட்டேன்.

தறிக்காரன்:
என் அலுவலக நண்பர் ஒருவர் இடைத்தரகர் தளம் ஒன்றில் "கிராண்ட் கேன்யன் விமானச் சுற்றுலா" என்று மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிட்டார். சவுத் ரிம்மில் அறை எடுத்திருக்கிறார், விமானமோ வெஸ்ட்டில். பணம் திரும்ப வரவே இல்லை. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பதியுங்கள், புறப்படும் விமான நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். துசயான் என்றால் "கிராண்ட் கேன்யன் நேஷனல் பார்க் ஏர்போர்ட்" என்று இருக்கும். போல்டர் சிட்டி என்று இருந்தால் அது வேகஸ் பக்கம்.

இன்னொன்று, திரையில் முதலில் தெரிகிற விலை முழு விலையாக இருக்காது. எரிபொருள், விமான நிலையம், பூங்கா என்று கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சேரும். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் கடிக்கும்.

நடைராஜா:
ஒரு மாற்றுக் கருத்து. பறக்காமலே இருக்கலாமே?

தெற்கு விளிம்பிலிருந்து ஹெர்மிட் பாதையில் இறங்கி நடந்திருக்கிறேன். டிராகன் வழித்தடம் அந்தப் பக்கம்தான் போகிறது. வெறும் காற்றுச் சத்தமும் காக்கை இறக்கை அடிக்கிற சத்தமும் மட்டும் கேட்கிற இடத்தில், ஒன்று போய் அடங்குவதற்குள் அடுத்த ஹெலிகாப்டர் வரும். 1987-லேயே சட்டம் போட்டார்கள், இந்தப் பூங்காவின் இயற்கை அமைதியை மீட்க வேண்டும் என்று. இன்னும் சண்டை ஓயவில்லை. உங்கள் அம்மாவுக்கு முட்டி வலி என்றால் தெற்கு விளிம்பை ஒட்டிப் போகிற டெசர்ட் வியூ சாலையில் கார் போகிற ஒவ்வொரு பாயிண்ட்டிலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஒரு படிகூட இறங்க வேண்டாம். லிப்பான் பாயிண்ட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஹெலிகாப்டரில் தெரிவதைவிட அதிகம் தெரியும்.

இறக்கை:
நடைராஜாவின் குறை நியாயமானது. விமானப் பராமரிப்பில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

அந்த வழித்தடங்கள் சத்தத்துக்காக மட்டும் வந்தவை இல்லை. 1986 ஜூனில் ஒரு ட்வின் ஆட்டர் விமானமும் ஒரு பெல் ஹெலிகாப்டரும் பள்ளத்தாக்கின் மேல் மோதிக்கொண்டன. இரண்டிலும் சேர்த்து 25 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. அதுவரை சுற்றுலா விமானங்கள் ஏறக்குறைய இஷ்டப்பட்ட இடத்தில் இஷ்டப்பட்ட உயரத்தில் பறந்தன. அதற்குப் பிறகுதான் இந்த வழி, இந்த உயரம், இந்தப் பகுதியில் பறக்கவே கூடாது என்றெல்லாம் கறாரான விதிகள் வந்தன. அதற்கும் முன்னால், 1956 ஜூன் 30-ல் இரண்டு பெரிய பயணிகள் விமானங்கள் அங்கே மோதி 128 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் எஃப்ஏஏ என்கிற விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பு 1958-ல் உருவாக அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். பள்ளத்தாக்கில் ஓடுகிற கொலராடோ ஆற்றோடு லிட்டில் கொலராடோ ஆறு வந்து சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அது விழுந்தது. ஜூனி வழித்தடத்தில் போகிறவர்கள் அந்தப் பகுதியைப் பார்த்தபடிதான் போகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதிவு செய்யும் முன் எந்த ரக ஹெலிகாப்டர் என்று கேளுங்கள். இசி130 என்றால் நல்லது. அதன் வால் சுழலி ஒரு வளையத்துக்குள் அடங்கியிருக்கும், அதனால் சத்தம் குறைவு. பின்வரிசை முன்வரிசையைவிடச் சற்று உயரமாக இருக்கும், முன் கண்ணாடி பெரியது. அப்புறம், எரிபொருள் தொட்டி மோதலைத் தாங்கும் வகையா என்றும் கேளுங்கள். 2018 பிப்ரவரியில் வெஸ்ட் பக்கம் குவாட்டர்மாஸ்டர் பள்ளத்தாக்கில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து தீப்பிடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு இந்தக் கேள்வி சாதாரணமாகக் கேட்கப்படுகிறது. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல நிறுவனம் என்றால் உடனே பதில் வரும். மழுப்பினால் அடுத்த கடையைப் பாருங்கள்.

சிறுவாணி:
இதைப் படித்துவிட்டு மனைவி முறைக்கிறாள் 😀 இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நடைராஜா, டெசர்ட் வியூ சாலை கட்டாயம் போகிறோம். ஆனால் அப்பாவுக்கு ஹெலிகாப்டரில் ஏற வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. இதுவரை தேர்தல் சமயத்தில் மைதானத்தில் இறங்கியதைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

சில கேள்விகள். எடை பார்ப்பார்கள் என்கிறார்களே, அம்மா கூச்சப்படுவார். குழந்தையை ஏற்றலாமா? 25 நிமிடச் சுற்றா, 45 நிமிடச் சுற்றா? உயரத்தால் அப்பாவுக்குப் பிரச்சினை வருமா?

வெந்தயக்குழம்பு:
தம்பி, மாமனார் மாமியாரைக் கூட்டிப்போனவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எடை கட்டாயம் பார்ப்பார்கள். பதிவு செய்யும்போதே ஒவ்வொருவர் எடையும் கேட்பார்கள், அங்கே போனதும் மறுபடி தராசில் நிற்கச் சொல்வார்கள். எங்களுக்கு எண்ணை யாரும் உரக்கப் படிக்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் தன் திரையில் பார்த்துக்கொண்டு, இருக்கை எண் போட்ட ஸ்டிக்கரை மேல்சட்டையில் ஒட்டினாள், அவ்வளவுதான். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பறக்கும்போது போட்டிருப்பதோடுதான் எடை. எவ்வளவு எடைக்கு மேல் போனால் இன்னொரு இருக்கைக்கும் காசு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெரும்பாலும் 300 பவுண்டு பக்கம் இருக்கும், நம் ஆட்களுக்குக் கவலையில்லை.

ஒரு விஷயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே உட்காருவது என்பதை எடைதான் தீர்மானிக்கும். கணவன் மனைவி சேர்ந்து உட்கார முடியாமல் போகலாம். எங்கள் மாமனாருக்கு முன் இருக்கை, மாமியாருக்குப் பின்வரிசை நடு இருக்கை. இறங்கிய பிறகு அரை நாள் அதைப் பற்றித்தான் பேச்சு. முதலிலேயே சொல்லித் தயார் செய்யுங்கள்.

வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற சேலை வேண்டாம். கண்ணாடியில் பிரதிபலித்து எல்லாப் படத்திலும் அதுவே தெரியும். கறுப்பு, கருநீலம் நல்லது. அம்மாவுக்குச் சுடிதார் வசதி, படி ஏறும்போது புடவை தடுக்கும். கைப்பை, செல்ஃபி குச்சி எதுவும் உள்ளே விட மாட்டார்கள். வாந்தி வருகிற சுபாவம் இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ஏறும்போது போட்டால் இறங்கும்போதுதான் வேலை செய்யும். இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டுப் போங்கள். வெறும் வயிறும் கூடாது.

குழந்தையை ஏற்றாதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்ள விடுகிறார்கள்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஹெட்செட் போட வேண்டும், ஒன்றரை வயதுப் பிள்ளை அதைத் தலையில் விட்டு வைக்குமா? யாராவது ஒருவர் கீழே இருங்கள்.

முருங்கை:
உயரம் பற்றி. துசயான் விமான நிலையமே 6,600 அடி உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. கோவைக்காரருக்கு அந்தக் காற்று புதிதில்லை. ஆனால் வடக்கு விளிம்பு தெற்கைவிட ஆயிரம் அடிக்கு மேல் உயரம், அதையும் தாண்டி மேலே பறப்பார்கள். கேபினில் அழுத்தம் சரிசெய்கிற வசதி கிடையாது. எனவே ஸ்டென்ட் விஷயத்தை அவருடைய இதய மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், இங்கே மன்றத்தில் வேண்டாம். முதல் நாள் இரவு துசயானிலோ ஃபிளாக்ஸ்டாஃபிலோ தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு மறுநாள் காலை பறப்பது நல்லது.

25 நிமிடச் சுற்று டிராகன் வழியாகப் போய் அதன் வழியாகவே திரும்பிவிடும். 45 நிமிடச் சுற்றுதான் கிழக்கே போய், ஜூனி வழியாகப் பள்ளத்தாக்கைக் கடந்து, வடக்கே கைபாப் காட்டின் மேல் வந்து, டிராகன் வழியாகத் திரும்பும். காசு கூடுதல்தான். ஆனால் அங்கே கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பேன்.

ஏன் என்றால், லிட்டில் கொலராடோ வந்து சேர்கிற இடம். மழை இல்லாத நாளில் அது நீலப்பச்சையாக ஓடிவந்து பெரிய ஆற்றில் கலக்கும், இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போகும். மேலே மழை பெய்திருந்தால் வெறும் சேறு, அது உங்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்று உங்கள் பெற்றோருக்குப் பிடிக்கும். பள்ளத்தாக்குக்குள் தனித்தனியாக நிற்கிற சிகரங்களுக்கு விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள், கிருஷ்ணா ஷ்ரைன், ராமா ஷ்ரைன் என்றெல்லாம் பெயர். 1880களில் கிளாரன்ஸ் டட்டன் என்கிற புவியியலாளர் கோபுரம் மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்து வைத்த பழக்கம். பள்ளத்தாக்கின் அடியில் தெரிகிற கறுத்த பாறைக்கும் விஷ்ணு ஷிஸ்ட் என்றுதான் பெயர், வயது சுமார் 170 கோடி ஆண்டு. அந்த நீண்ட சுற்று விஷ்ணுவுக்குக் கிழக்கே ஏறி சிவனுக்கு மேற்கே இறங்குகிறது. அதாவது சுற்றின் உள்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குத் தரிசனம். இருக்கையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் சோகம்.

வடக்கே கரிந்த மரங்கள் தெரிந்தால் திகைக்க வேண்டாம். 2025 ஜூலைக் காட்டுத்தீ அது. வடக்கு விளிம்பில் இருந்த பழைய லாட்ஜும் அதில்தான் எரிந்துபோனது.

தறிக்காரன்:
பேஜ் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஹெலிகாப்டர் விலை கட்டவில்லை என்றால் பேஜிலிருந்து சின்ன விமானம் நல்ல மாற்று. இறக்கை மேலே இருக்கிற செஸ்னா வகை, கீழே பார்வையை எதுவும் மறைக்காது. ஆறு லாடம் மாதிரி வளைகிற ஹார்ஸ்ஷூ பெண்ட், கிளென் கேன்யன் அணை, பவல் ஏரி, ரெயின்போ பிரிட்ஜ் என்று ஒரு சுற்று. ரெயின்போ பிரிட்ஜ் கல்லாலான இயற்கை வளைவு, சாலையே கிடையாது. படகில் பல மணி நேரம் போக வேண்டும் அல்லது நாள் கணக்கில் நடக்க வேண்டும். முட்டி வலிக்காரர்களுக்கு விமானத்தை விட்டால் வேறு வழி ஏது? ஏரியின் நீலமும் பாறையின் சிவப்பும் சேர்ந்து அது வேறு அழகு.

இறக்கை:
பேஜ் போகிறவர்கள் கடிகாரத்தைக் கவனியுங்கள். அரிசோனாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை, ஆனால் நவஹோ நிலத்தில் உண்டு, யூட்டாவிலும் உண்டு. துசயானிலிருந்து கேமரன் வழியாகப் பேஜ் போகும் சாலை நவஹோ நிலத்துக்குள்தான் போகிறது. அக்டோபரில் கைபேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். பேஜ் ஊர் அரிசோனா நேரம். கைபேசியில் ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் வைத்துவிடுங்கள், தானாக மாறுவதை அணைத்துவிடுங்கள்.

படம் எடுக்க: கேமராவைக் கண்ணாடியில் சாய்க்காதீர்கள், அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். ஒட்டாமல் நெருக்கமாகப் பிடியுங்கள். ஷட்டர் 1/1000 அல்லது இன்னும் வேகமாக. லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டால் ஜன்னல் பிளாஸ்டிக்கில் வானவில் கோடு கோடாக வரும், கழற்றிவிடுங்கள்.

நடைராஜா:
போவது என்று முடிவாகிவிட்டால் இறக்கை சொன்ன சத்தம் குறைந்த ரகத்தையாவது எடுங்கள். கீழே நடக்கிற எங்களுக்கு அது பெரிய உதவி.

சிறுவாணி:
முடிவு செய்துவிட்டோம். முதல் நாள் மாலை துசயான் போய்த் தங்கல். மறுநாள் காலை 9 மணி ஹெலிகாப்டர், 45 நிமிடச் சுற்று, நடைராஜாவுக்காக இசி130 தான். எரிபொருள் தொட்டி பற்றிக் கேட்டேன், தொலைபேசியிலேயே தெளிவாகப் பதில் சொன்னார்கள். மேகமோ காற்றோ வந்து அவர்களே ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும், நாங்கள் கடைசி நாளில் ரத்து செய்தால் வராது என்றார்கள். அதனால் அடுத்த நாள் காலையையும் காலியாக வைத்திருக்கிறோம். பிறகு டெசர்ட் வியூ வழியாகப் பேஜ், அங்கே ஹார்ஸ்ஷூ பெண்ட் தரையிலிருந்து மட்டும். அப்பாவின் மருத்துவர் சரி சொல்லிவிட்டார்.

மூன்று இருக்கைதான் போட்டிருக்கிறோம். அம்மா, அப்பா, மூன்றாவது நான் என்று நினைத்திருந்தேன். இந்த இழையை முழுதாகப் படித்துவிட்டு மனைவி, "நீங்கள் குழந்தையோடு இருங்கள், நான் போகிறேன்" என்றுவிட்டாள். அந்த ஒன்றரை மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? துசயானில் ஐமேக்ஸ் தியேட்டர் ஒன்று இருக்கிறதாமே?

வெந்தயக்குழம்பு:
ஐமேக்ஸ் சத்தத்துக்குப் பிள்ளை வீறிடும். அவர்களை இறக்கிவிட்டு நேராகப் பூங்காவுக்குள் போய் மாதர் பாயிண்ட் பாருங்கள். விளிம்பை ஒட்டித் தார் போட்ட பாதை, ஸ்ட்ரோலர் நன்றாக ஓடும். அங்கே காலையில் குளிரும், பிள்ளைக்குத் தொப்பி மறக்காதீர்கள். வாசலில் வரிசை நீளும் என்பதால் பூங்கா பாஸை முன்பே இணையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அவர்கள் பறந்துவிட்டு வந்து உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.